மறுமொழி: நோடுலர் ஃபேசியைட்டிஸ் – ‘அழற்சி’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். தோலடியில் புடைப்பாக வரும் நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்ற நோய்க்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘முடிச்சுத் திசுப்படல அழற்சி’ என்றே வைக்கலாம். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி என்பதுதானே நம் வழக்கம்?

வழக்கம் அதுதான் ஐயா. ஆனால் இது அழற்சி நோய் அல்ல. 1955இல் முதலில் விவரித்த பிறகு நெடுநாள் இதைக் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை என்றே நினைத்தார்கள். 2011இல் எம்ஒய்எச்9, யுஎஸ்பி6 என்ற இரு மரபணுக்கள் இதன் செல்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரியவந்தது. இப்படி மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது கட்டிகளில் காணும் மாற்றம். ஆக, இது கட்டிதான். கொஞ்ச காலம் வளர்ந்துவிட்டுத் தானே ஓய்ந்துபோகும் கட்டி.

பெயரில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம், இந்தக் கட்டி ஆளை ஏமாற்றும் விதம். பெரும்பாலும் இளவயதினருக்கு முன்கையின் உட்புறத்தில் திடீரென்று கிளம்பும். சில வாரங்களிலேயே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும்; தொட்டால் வலிக்கவும் செய்யலாம். சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பயம் இன்னும் கூடும். நூல் நூற்கும் கதிர்போல இரு முனையும் கூர்ந்து நீண்ட செல்கள் நெருக்கமாகக் கிடக்கும், பிரிந்துகொண்டிருக்கும் செல்களும் ஏராளம். சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய், என்று எழுதக் கை போய்விடும். நிதானமாகப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும்: செல்கள் ஆய்வகத் தட்டில் வளர்த்தவை போலத் தளர்வாகப் பரவியிருக்கும், இடையிடையே சிவப்பணுக்கள் சிதறியிருக்கும், செல்பிரிவு எத்தனை இருந்தாலும் இயல்புக்கு மாறான கோணல் பிரிவு இருக்காது. இதைச் சார்கோமா என்று எண்ணித் தேவையில்லாமல் பெரிய அறுவைக்குப் போனவர்களும் உண்டு.

அதனால் ‘போலிச் சார்கோமா’ என்ற பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. அறிக்கையைக் கையில் வாங்குபவர் ‘போலி’யை விட்டுவிட்டு ‘சார்கோமா’வைத்தான் பிடித்துக்கொள்வார்.

என் பரிந்துரை: தானடங்கு இழைப்படலக் கட்டி. ‘கட்டி’ என்றால் பயப்படுவார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். கொழுப்புக் கட்டி, நார்க்கட்டி எல்லாம் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொற்கள்தானே, அவற்றைக் கேட்டு யாரும் புற்றுநோய் என்று நினைப்பதில்லை. வெறும் ‘படலக் கட்டி’ என்றால் கண் நோயோ என்று தோன்றும், அதற்காகத்தான் ‘இழை’.

டெஸ்மாய்டு என்ற இன்னொரு நார்த்திசுக் கட்டியையும் இதே பெயருக்குள் அடக்கலாம் என்பதை மட்டும் ஏற்கவே முடியாது. அது உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது, சரி. ஆனால் இருக்கும் இடத்திலேயே ஊடுருவிப் படரும், வெட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரக்கூடியது. அதற்குத் ‘தானடங்கு’ என்று பெயர் வைத்தால் நோயாளி மருத்துவரிடம் போவதையே விட்டுவிடுவார். டெஸ்மாய்டுக்கான பெயரைத் தனி விவாதமாகப் பேசுவோம்.

அப்புறம், மையோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ், அதாவது தசைக்குள் எலும்பு உருவாகும் கட்டி. அதுவும் எலும்புப் புற்றோ என்று மிரட்டும், அதிலும் இதே யுஎஸ்பி6 மாற்றம் உண்டு, அதன் பெயரிலும் ‘ஐட்டிஸ்’. பட்டியலில் ‘தசை அழற்சி’ என்று ஏற்றியிருப்பவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.