வில் 600 அடி, மேசை 180 அடி: சண்டை எந்தத் தூரத்தில் தொடங்க வேண்டும்?

நாணொலி
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். பட்டப்பகல், திறந்த புல்வெளி, எதிரில் காப்ளின்கள் என்னும் குட்டிப் பூதங்கள் எட்டு. நான் நீள்வில் ஏந்திய ரேஞ்சர் (காட்டு வேட்டை வீரர்). டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கட்டம் போட்ட பாயை மேசையில் விரித்து, காப்ளின்களை எங்களிடமிருந்து ஆறு கட்டம் தள்ளி வைத்தார். அதாவது 30 அடி. ஒரே ஒரு அம்புதான் விட்டேன். என் முறை மறுபடி வருவதற்குள் மூன்று காப்ளின்கள் என் மேல் ஏறிவிட்டன. வெட்டவெளியில் எட்டுப் பேர் 30 அடி வரைக்கும் வந்து நிற்கிறார்கள், எங்கள் ஐந்து பேரில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா?

புத்தகத்தில் நீள்வில்லுக்கு 150/600 என்று இருக்கிறது. 150 அடி வரை சாதாரணமாக எய்யலாம், அதைத் தாண்டி 600 வரை டிஸ்அட்வான்டேஜ், அதாவது பகடையை இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்றால் 600 அடிக்குப் பத்தடி நீளத்தில் மேசை வேண்டும். எங்கள் பாய் 36 அங்குலம், 180 அடி. வில்லின் வீச்சில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் அடங்காது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1541-இல் போட்ட சட்டம், 24 வயதைத் தாண்டியவர்கள் இலேசான அம்பை வைத்துக்கொண்டு 220 கஜத்துக்குக் குறைந்த இலக்கில் பயிற்சி செய்யக் கூடாது என்றது. 220 கஜம் என்பது 660 அடி. வில் என்பது தூரத்துக்கான ஆயுதம். அதைக் கத்திச் சண்டைத் தூரத்துக்கு இழுத்து வந்தால் வில்லாளியாக விளையாடுவதில் என்ன பொருள்?

இருபதுபக்கம்
நான் டிஎம் செய்பவன், உங்கள் டிஎம் பக்கம் நின்று பேசுகிறேன். 600 அடியில் தொடங்கினால் என்ன ஆகும்? காப்ளினின் வேகம் ஒரு ரவுண்டுக்கு (எல்லோருக்கும் ஒரு முறை வரும் சுற்று, ஆட்டக் கணக்கில் ஆறு நொடி) 30 அடி, டேஷ் செய்தால், அதாவது தாக்காமல் ஓட மட்டும் செய்தால், 60. உங்களைத் தொட அதற்குப் பத்து ரவுண்டு வேண்டும். ஐந்தாம் லெவல் ரேஞ்சர் அதற்குள் ரவுண்டுக்கு இரண்டாக இருபது அம்பு விடுவார். பக்கத்தில் கோடரியோடு நிற்கிற பார்பேரியன் பத்து முறை “நான் காத்திருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். என் மேசையில் பத்து ரவுண்டுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வேலையை முடித்துவிட்டு ஓடி வந்து உட்காருகிறவரை அப்படி உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

அந்தச் சட்டம் உங்கள் வாதத்துக்கு உதவாது. தூரப் பயிற்சி கூட்டமாக வரும் படைமேல் அம்பு பொழிவதற்கு. தனி ஆள் வேறு கணக்கு. அம்பு நொடிக்கு 50 மீட்டர் போகிறது என்று வைத்தால்கூட 600 அடிக்கு, அதாவது 183 மீட்டருக்கு, கிட்டத்தட்ட நாலு நொடி. சும்மா நடந்து போகிறவனே அதற்குள் ஐந்தாறு மீட்டர் நகர்ந்திருப்பான். ஒலிம்பிக் வில்வித்தையில் தூரம் 70 மீட்டர், இலக்கு 122 சென்டிமீட்டர், அது அசையாது, திருப்பி அடிக்காது. விதியில் இருக்கிற 150 அடி என்பது 46 மீட்டர். ஓடி வருகிற ஒருவனைக் குறிவைத்து அடிக்க அதுவே தாராளம். நிஜத்தை மீறுவது என்று பார்த்தால் அந்த 600-தான்.

நாணொலி
தனி ஆள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் இரண்டைப் போட்டுக் குழப்பிவிட்டேன். ஆனால் என் ஆதங்கம் அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதில் இல்லை, எதிரியை எங்கே பார்க்கிறோம் என்பதில். டிஎம் தன் முன்னால் நிறுத்தி வைக்கும் ஐந்தாம் பதிப்புத் திரையிலேயே அதற்கு ஓர் அட்டவணை உண்டு. புல்வெளிக்கு 6டி6 (ஆறுபக்கப் பகடை ஆறின் கூட்டுத்தொகை) பெருக்கல் 10 அடி, சராசரி 210. காட்டுக்கு 2டி8 பெருக்கல் 10, சராசரி 90. நான் உட்கார்ந்த எந்த மேசையிலும் அதை ஒருவரும் உருட்டிப் பார்த்ததில்லை. பாயில் எது அடங்குமோ அதுவே உலகம் ஆகிவிடுகிறது.

பழையபெட்டி
இந்தத் தகராறை முதல் பதிப்பே பார்த்துவிட்டது தம்பி. 1971-இல் வந்த செயின்மெயில் பொம்மைப்படைப் போர் விளையாட்டு. அதிலிருந்து 1974-இல் டி அண்ட் டி பிறந்தபோது தூரமெல்லாம் அங்குலத்தில்தான் இருந்தது. நிலவறைக்குள் ஓர் அங்குலம் 10 அடி. வெளியே வந்தால் அதே அங்குலம் 10 கஜம். அதே வில், அதே ஆள், வெளியே மூன்று மடங்கு தூரம்.

பலர் இதைப் பிழை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. கூரையை நினைத்துப் பாருங்கள். அம்பு நேர்கோட்டில் போவதில்லை, வளைந்து ஏறி இறங்குகிறது. இருபதுபக்கம் சொன்ன 50 மீட்டர் வேகத்தையே எடுத்து, காற்றுத் தடையை விட்டுவிட்டால், 183 மீட்டர் போக அது சுமார் 19 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 10 அடிக் கூரைக்குக் கீழே, நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால், சுமார் 55 மீட்டருக்கு அப்பால் குறிவைத்தாலே கூரையில் இடித்துவிடும். அது 180 அடி. ஆக 150 அடி நிலவறைக்குப் பொருத்தமான எண். வெளியே வேறு எண் வேண்டும். புதிய பதிப்புகள் கூரையையும் வானத்தையும் ஒன்றாக்கிவிட்டன. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

கோடரிக்காரி
பார்பேரியனை உட்கார வைக்காதீர்கள் என்று எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார் இருபதுபக்கம். நன்றி, ஆனால் நான் பார்பேரியன்தான் விளையாடுகிறேன், எனக்குத் தூரம் வேண்டும். ஐந்தாம் லெவலில் என் வேகம் 40, டேஷ் 80. 210 அடியை மூன்று ரவுண்டில் தாண்டுவேன். அந்த மூன்று ரவுண்டில் நடுவே ஒரு வரப்பு, ஓர் இடிந்த சுவர், ஆளுயரப் புல் இருந்தால் மறைப்புக்கு மறைப்பு பாய்ந்து போவதே எனக்கு ஒரு சண்டை. பாதி மறைப்புக்கு ஏசி (அடி படாமல் காக்கும் எண்) கூட 2, முக்கால் மறைப்புக்கு 5 என்று விதி எதற்கு இருக்கிறது? மொட்டைப் புல்வெளி வரைந்தால் மட்டும்தான் நான் சும்மா நிற்பேன். அது தூரத்தின் குற்றம் இல்லை, வரைந்தவர் குற்றம்.

இன்னொன்று. நிஜம் வேண்டுமானால் ஓட்டத்தையும் திருத்துங்கள் அண்ணா. ஆறு நொடிக்கு 30 அடி என்பது சந்தைக்கு நடந்து போகிற வேகம். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர், கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியை ஒன்றரை நொடியில் கடப்பான் என்று 1983-இல் எழுதினார். வில்லுக்கு மட்டும் நிஜம், காலுக்கு விதி என்றால் அது ரேஞ்சருக்குச் சலுகை.

இருபதுபக்கம்
வேகத்தில் கை வைக்க விடமாட்டேன். எல்லா மான்ஸ்டருக்கும், பாதி மந்திரத்துக்கும் அந்த 30-தான் அளவுகோல். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் ஆரம் 20 அடி. அதற்குள்ளிருந்து தப்ப முடியுமா முடியாதா என்ற பயமே அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் வரப்பு, சுவர் பற்றிச் சொன்னது என்னைத் தைக்கிறது. நான் பாய்களை மொட்டையாகத்தான் வரைகிறேன்.

பழையபெட்டி
பாயையே தள்ளி விரியுங்கள். 13த் ஏஜ் என்ற இன்னொரு விளையாட்டு கட்டமே இல்லாமல் அருகில், தொலைவில் என்று ஆடுகிறது. நமக்கு அதைவிட நல்ல சொற்கள் இருக்கின்றன: கை எட்டும் தூரம், கல்லெறி தூரம், கூப்பிடு தூரம், கண்ணுக்கு எட்டிய தூரம். கல்லெறி தூரத்துக்கு வரும்வரை பாய் சுருட்டியே இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு ரவுண்டுக்கு ஒரு முடிவு: எய்வதா, ஓடுவதா, பதுங்குவதா.

இருபதுபக்கம்
கூப்பிடு தூரத்தில் மந்திரவாதி ஃபயர்பால் போடுகிறார். எட்டு காப்ளினில் எத்தனை அதற்குள்? பாய் இருந்தால் எண்ணிவிடுவேன். இல்லாவிட்டால் நான் “நாலு” என்பேன், அவர் “ஆறு” என்பார்.

கோடரிக்காரி
அந்த ஒரு ரவுண்டுக்கு மட்டும் தாளில் புள்ளி வைத்துக் காட்டுங்கள். எங்கள் டிஎம் அப்படித்தான் செய்கிறார், சண்டை வந்ததில்லை.

நாணொலி
எங்கள் டிஎம்முக்கு இந்த இழையை அனுப்பினேன். வரும் ஞாயிறு 6டி6 உருட்டச் சம்மதித்துவிட்டார். ஒரு நிபந்தனை: 150-ஐத் தாண்டினால் தனி ஆள்மேல் அம்பே கிடையாது, கூட்டத்தின்மேல் மட்டும். நான் சரி என்றுவிட்டேன்.

இருபதுபக்கம்
அந்த நிபந்தனையை நானும் எடுத்துக்கொள்கிறேன். பாயைச் சுருட்ட மட்டும் மாட்டேன்.