கூடத்து ப்ரொஜெக்டர்: படம் மஞ்சளாக விழுகிறது, லேன் மாட்டியும் நெட்வொர்க்கில் வரவில்லை. உதவி தேவை

தங்கச்சிமடம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மீனவர் கூடத்துக்கு ஒரு பழைய ப்ரொஜெக்டர் கிடைத்திருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் மீட்டிங் ஹாலில் இருந்தது. அவர்கள் புதுசு மாற்றியதும் இதை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரிமோட் இருக்கிறது, கையேடு இல்லை. சீலிங்கில் தலைகீழாகத் தொங்கவிட்டு மாட்டியாச்சு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஜிபிஎஸ், விஎச்எஃப் (படகு ரேடியோ) வகுப்பு வைக்கலாம், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட வீடியோ போடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது நிலைமை: லேப்டாப்பை விஜிஏ கேபிளில் மாட்டினால் படம் வருகிறது. ஆனால் தலைகீழாக விழுகிறது, வெள்ளைப் பக்கம்கூட மஞ்சளாகத் தெரிகிறது. பின்பக்கம் லேன் ஓட்டை இருப்பதால் அலுவலக அறை ரவுட்டரிலிருந்து 25 மீட்டர் போல கேபிள் இழுத்து மாட்டினோம். அதில் ஒன்றும் நடக்கவில்லை. லேனில் மாட்டினால் லேப்டாப் இல்லாமலே யூடியூப் வருமா, வராதா?

பின்பக்கம் இருக்கும் பெயர்களை அப்படியே எழுதுகிறேன்: கம்ப்யூட்டர் 1, கம்ப்யூட்டர் 2, மானிட்டர் அவுட், எச்டிஎம்ஐ, வீடியோ (மஞ்சள்), ஆடியோ 1, ஆடியோ 2, ஆடியோ அவுட், யூஎஸ்பி-ஏ, யூஎஸ்பி-பி, ஆர்எஸ்-232சி, லேன். எது எதற்கு என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கேபிள்காரன் (ராமநாதபுரம்):

தம்பி, தலைகீழ் விஷயம் ஒரு நிமிட வேலை. மெனுவில் ‘ப்ரொஜெக்ஷன்’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘ஃப்ரன்ட் / சீலிங்’ என்று மாற்று, படம் நிமிர்ந்துவிடும். சில மாடல்களில் ரிமோட்டில் ஏ/வி மியூட் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தாலே திரும்பிக்கொள்ளும்.

அப்புறம் ஓட்டைகள். அத்தனையையும் பார்த்துப் பயப்படாதே. அதில் இரண்டு சாதி உண்டு: படம் சத்தம் போகும் வழி ஒன்று, உத்தரவு போகும் வழி இன்னொன்று. எச்டிஎம்ஐ, கம்ப்யூட்டர் 1, 2 (அதுதான் விஜிஏ, 15 பின்), மஞ்சள் வீடியோ எல்லாம் படம் உள்ளே வரும் வழி. மானிட்டர் அவுட் அதற்கு நேரெதிர், படம் வெளியே போகும் வழி. விஜிஏயில் வரும் படத்தை இன்னொரு மானிட்டருக்குக் கொடுக்க வைத்தது. அதில் லேப்டாப்பைச் செருகிவிட்டு ‘சிக்னல் இல்லை’ என்று எனக்குப் போன் போடுகிறவர்கள் மாதத்துக்கு ஒருத்தராவது உண்டு. யூஎஸ்பி-ஏயில் பென் டிரைவ் போட்டுப் போட்டோ காட்டலாம், சில மாடல்களுக்கு வைஃபை துண்டும் அதில்தான் செருக வேண்டும். யூஎஸ்பி-பி சதுரமாக இருக்கும். சில கம்பெனிகளில் அதன் வழியாகவே லேப்டாப் படம் வரும்.

ஆர்எஸ்-232சியும் லேனும் முக்கியமாக உத்தரவு வழி. ஆன், ஆஃப், எந்த ஓட்டையிலிருந்து படம் எடுப்பது, பல்பு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது, இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கவும் மாற்றவும் வைத்தது. லேன் வழியாகப் படமும் அனுப்பலாம், ஆனால் லேப்டாப்பிலோ போனிலோ ப்ரொஜெக்டர் கம்பெனியின் ஆப் போட்டால்தான். யூடியூப் தானாக வராது. டிவி மாதிரி உள்ளேயே ஆப் ஓட்டும் வசதி அந்தக் காலத்து மீட்டிங் ஹால் ப்ரொஜெக்டருக்குக் கிடையாது.

ஆகவே பாட வீடியோவுக்கு லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ இழு. நெட்வொர்க் வழியாக நோட்டு, படம், ஸ்லைடு காட்டலாம், வீடியோ திக்கித் திணறும்.

லேன் ஏன் வரவில்லை என்று பார்க்க, மெனுவில் நெட்வொர்க் தகவல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல். ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் சொல்.

உச்சிப்புளி டீச்சர்:

மஞ்சளுக்கு நான் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கதை. விஜிஏயில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் பின்னில் போகும்: 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். நீலம் அறுந்தால் மிச்சம் சிவப்பும் பச்சையும், இரண்டும் சேர்ந்தால் மஞ்சள். கேபிளைக் கழற்றி மேல் வரிசையில் மூன்றாவது பின் வளைந்திருக்கிறதா, உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் இரண்டு திருகையும் இறுக்கிப் பாருங்கள். பாதிப் பேர் திருகுவதே இல்லை, கேபிள் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

பரமக்குடி_98:

இவ்வளவு பாடு எதற்கு, ஆண்ட்ராய்டு ப்ரொஜெக்டர் புதுசு ஒன்று வாங்கிவிடுங்க.

கேபிள்காரன் (ராமநாதபுரம்):

பணம் நீங்கள் கொடுத்தால் நாளைக்கே வாங்கிவிடலாம் சார். விலை மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளில் நிறைய, விளக்கை அணைத்தால்தான் கண்ணுக்கே தெரியும். சன்னலைத் திறந்து வைத்து வகுப்பு எடுக்கிற கூடத்துக்கு மீட்டிங் ஹால் ப்ரொஜெக்டர் எவ்வளவோ மேல்.

தங்கச்சிமடம் தம்பி:

டீச்சர், திருகை இறுக்கியதும் ஒரு நொடி வெள்ளையாகி மறுபடி மஞ்சளாகிவிட்டது. டார்ச்சில் பார்த்தால் நீங்கள் சொன்ன மூன்றாவது பின் நன்றாகவே உள்ளே அமுங்கிப் போயிருக்கிறது. வேறு கேபிள் மாட்டினால் நிறம் சரி.

அண்ணே, நெட்வொர்க் பக்கத்தில் இருப்பது இது. டிஎச்சிபி: ஆஃப். ஐபி: 192.168.10.40. சப்நெட் மாஸ்க்: 255.255.255.0. கேட்வே: 192.168.10.1. எங்கள் ரவுட்டர் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்று போட்டிருக்கிறது.

கேபிள்காரன் (ராமநாதபுரம்):

அது லாட்ஜில் கொடுத்த முகவரி. வீடு மாறி வந்தவன் பழைய வீட்டு முகவரியையே சொல்லிக்கொண்டு திரிகிற கதை. மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே தெரு. உங்கள் தெரு 192.168.1, அது நிற்பது 192.168.10. கேபிள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ளாது.

டிஎச்சிபியை ஆன் செய். ரவுட்டரே ஒரு முகவரி கொடுக்கும். மெனுவில் ‘செட்’ கொடுத்து வெளியே வர மறக்காதே, நடுவில் எஸ்கேப் அடித்தால் பழசே நிற்கும். 192.168.1-ல் தொடங்கும் எண் வந்தால் சரி. 169.254-ல் தொடங்கினால், கேட்டுப் பார்த்தும் யாரும் முகவரி கொடுக்காததால் அதுவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். 0.0.0.0 என்று நின்றாலும் முகவரி கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அப்போது லேன் ஓட்டையில் விளக்கு எரிகிறதா என்று பார்.

தங்கச்சிமடம் தம்பி:

0.0.0.0 அண்ணே. விளக்கு எதுவும் எரியவில்லை. கேபிள் நீளம் அதிகமோ?

கேபிள்காரன் (ராமநாதபுரம்):

25 மீட்டர் ஒரு நீளமே இல்லை. லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். அதே 25 மீட்டரைச் சாதா எச்டிஎம்ஐயில் இழுத்தால்தான் படம் விட்டு விட்டு வரும். அவ்வளவு தூரம் எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் ஆப்டிகல் கேபிள் வாங்கணும்.

ஏணி போட்டு ப்ரொஜெக்டர் முனையைக் கழற்றி லேப்டாப்பில் செருகு, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடு. நெட் வந்தால் ப்ரொஜெக்டர் ஓட்டையில் கோளாறு. வரவில்லை என்றால் கேபிளில் கோளாறு. எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். கடலிலிருந்து எவ்வளவு தூரம் கூடம்?

தங்கச்சிமடம் தம்பி:

லேப்டாப்பிலும் நெட் வரவில்லை. கூடத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வலை காயப்போடும் மணல் திட்டுதான். கேபிள் புதுசு இல்லை, முன்னாடி கேமராவுக்குப் போட்டது. ரவுட்டர் முனையைக் கழற்றிப் பார்த்தேன், கண்ணாடி பிளக்குக்குள் இரண்டு மூன்று பின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறது.

கேபிள்காரன் (ராமநாதபுரம்):

அதேதான். பச்சைக் களிம்பு. பின்னில் தங்கப் பூச்சு மெல்லிசு. உப்புக்காற்றும் ஈரமும் படப்படப் பூச்சு போய் உள்ளே செம்பு களிம்பு ஏறிவிடும். பாம்பன், மண்டபம் பக்கம் நான் மாற்றுகிற பிளக்கில் பெரும்பாலும் இதுதான். துடைத்துச் செருகினால் நாலு நாள் ஓடும், அப்புறம் மறுபடி போகும். இரண்டு முனையையும் ஒரு விரல் நீளம் வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் போட்டு கிரிம்ப் செய் (டூலால் அழுத்திக் கவ்வ வை). உள்ளே செம்பு இன்னும் கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டு, பளபளப்பான செம்பு தெரிகிற வரைக்கும்.

நிற வரிசை, பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே. நிறையப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். நடுவில் நீலம் இரண்டும் உட்கார வேண்டும். வெளி உறை பிளக்குக்குள் போய்க் கவ்வியிருக்கணும், இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பில் கம்பி கழன்றுவிடும். ராமநாதபுரம் வந்தால் என்னிடம் கிரிம்பிங் டூல் வாங்கிக்கொண்டு போ, திருப்பிக் கொடுத்தால் போதும்.

தங்கச்சிமடம் தம்பி:

விளக்கு எரிகிறது அண்ணே! ஐபி 192.168.1.7 வந்துவிட்டது. லேப்டாப் பிரவுசரில் அந்த எண்ணைப் போட்டால் ப்ரொஜெக்டர் பக்கம் திறக்கிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்கிறது. லாட்ஜில் வைத்தது போல. இன்னொன்று, கம்பெனி ஆப் போட்ட லேப்டாப்பில் ப்ரொஜெக்டர் தெரிகிறது, என் போனில் தெரியவே இல்லை.

கீழக்கரை, இப்போது துபாய்:

போன் எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்க தம்பி. ரவுட்டரில் ‘கெஸ்ட்’ என்று தனி வைஃபை இருந்து அதில் சேர்ந்திருந்தால், நெட் மட்டும் வரும், உள்ளே இருக்கும் மற்ற கருவி எதுவும் கண்ணில் படாது. வேண்டுமென்றேதான் அப்படித் தடுத்து வைத்திருப்பார்கள். நான் வேலை பார்க்கும் ஆபீஸில் புதுசாக வருகிறவர்கள் முதல் நாள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

லேப்டாப்பில் பின்னால் தெரியாமல் போனால், விண்டோஸில் அந்த வைஃபையை ‘பப்ளிக்’ என்று போட்டிருக்கும். ‘பிரைவேட்’ ஆக மாற்றுங்க, ஃபயர்வால் வழிவிடும். பாஸ்வேர்டுக்கு ப்ரொஜெக்டர் மெனுவில் நெட்வொர்க் செட்டிங்கை மட்டும் ரீசெட் செய்யலாம். அப்புறம் உடனே புதுப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்க. கூடத்து வைஃபை எத்தனை பேரிடம் இருக்குமோ, வகுப்பு நடுவில் எந்தப் பையனாவது போனிலிருந்து அணைத்து விளையாடுவான்.

தங்கச்சிமடம் தம்பி:

காக்கா, கெஸ்ட்தான்! பெரிய வைஃபைக்கு மாறியதும் போனில் ப்ரொஜெக்டர் வந்துவிட்டது. பாஸ்வேர்டும் மாற்றியாச்சு. ஆனால் ப்ரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்தால் பிரவுசர் பக்கமும் செத்துவிடுகிறது. அலுவலக அறையிலிருந்தே ஆன் பண்ணலாம் என்று நினைத்தோமே?

கேபிள்காரன் (ராமநாதபுரம்):

மெனுவில் ‘ஸ்டாண்ட்பை மோட்’ என்று இருக்கும். அதில் நெட்வொர்க் ஆன் அல்லது கம்யூனிகேஷன் ஆன் என்று மாற்று. அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கரன்ட் இழுக்கும், அதனால் வகுப்பு நடக்கிற மாதங்களில் மட்டும் வைத்தால் போதும். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, அந்த ப்ரொஜெக்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) 192.168.1.7-ஐயே நிரந்தரமாக ஒதுக்கிவிடு. இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எரிந்தபின் வேறு எண் கொடுத்தாலும் கொடுக்கும், டீச்சர்மார் புக்மார்க் வேலை செய்யாது. வேறு கம்பெனி ஆப் ஏதாவது ‘பிஜேலிங்க்’ என்று கேட்டால் அதுவும் ஆன், ஆஃப், உள்ளீடு மாற்றும் பொது முறைதான், 4352 போர்ட்டில் பேசும். உனக்குத் தேவைப்படாது.

இன்னொன்று. காற்று இழுக்கும் பக்கம் ஃபில்டரைக் கழற்றிப் பார். மணலும் வலைத்தூசும் அடைத்திருந்தால் சூடு ஏறியதைக் காட்டும் டெம்ப் விளக்கு மின்னி, தானே அணைந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டு, தண்ணீரில் அலசாதே. கரன்ட் போகிற ஊர், வகுப்பு முடிந்ததும் சுவிட்சை உடனே தட்டாமல் காற்றாடி நிற்கும் வரை விடு.

உச்சிப்புளி டீச்சர்:

சத்தம் எப்படி? கூடம் பெரிசென்றால் ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் முன் வரிசைக்கே காணாது.

தங்கச்சிமடம் தம்பி:

அதைத்தான் கேட்க இருந்தேன் டீச்சர். கூடத்தில் மைக் செட் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ போட்டால் சத்தம் ப்ரொஜெக்டருக்குப் போய்விடுகிறது.

கேபிள்காரன் (ராமநாதபுரம்):

ஆடியோ அவுட்டிலிருந்து எடு. ஒரு பக்கம் போன் ஹெட்செட் பின் மாதிரி 3.5 மில்லிமீட்டர், மறு பக்கம் சிவப்பும் வெள்ளையும் இரண்டு பின், அப்படி ஒரு வயர் கேள், எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ் ஓட்டையில் செருகு, மைக் ஓட்டையில் செருகாதே, கரகரக்கும். ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் ப்ரொஜெக்டர், லேப்டாப், ஆம்ப்ளிஃபையர் மூன்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரன்ட் எடுத்துப் பார். அப்போதும் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார், அத்தோடு நின்றுவிட்டால் எர்த் வயரைப் பார்க்கச் சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு.