வேட்பாளர் மனைவி வேடத்துக்கு உதவி வேண்டும் (திருகோணமலை)

உறவுகளே, உவர்மலையில் ஒரு மேடை நாடகம் பழகுகிறோம். பாராளுமன்றத் தேர்தலில் நிற்கும் கணவர், அவருக்காகப் படியேறி வாக்குக் கேட்கும் மனைவி.

எங்கள் மாவட்டத்துக்கு 4 ஆசனம்தான். விருப்பு வாக்கு (கட்சிக்குப் போட்ட பிறகு, அதே கட்சி வேட்பாளர்களில் விரும்பியவர்களின் இலக்கத்துக்குப் போடுவது) 3. அதனால் சொந்தக் கட்சிக்காரரோடேயே போட்டி. "சின்னத்துக்குப் புள்ளடி போட்டிட்டு இவருடைய இலக்கத்தையும் மறந்திடாதேங்கோ அக்கா" என்று வாசலில் சிரித்தபடி துண்டுப்பிரசுரம் நீட்டுகிறவள், இரவு வீட்டில் அவரோடு என்ன கதைப்பாள்? அந்த இடம்தான் எங்களுக்கு இன்னும் உயிர் பிடிக்கவில்லை.

மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் இப்படிப் பிரசாரத்துக்குப் போன மனைவிமார், பிள்ளைகள் யாரும் இருந்தால் தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் எங்கும் வராது. அப்புறம், நாற்பது வயதளவில் நடிக்க விருப்பமுள்ள பெண் ஒருவரும் அவசரமாகத் தேவை. மேடை அனுபவம் இல்லாவிட்டாலும் சரி, ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தால் போதும்.