புதுப்பிப்பு: கற்றாழை தடவினால் அரிப்பு, காரணம் தெரிந்துவிட்டது

வெயிலில் கன்றிய கழுத்துக்குச் சோற்றுக்கற்றாழை தடவினால் அரிப்பெடுத்துச் சிவந்துபோகிறது என்று 3 வாரம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மஞ்சள் பாலை வடியவிட்டீர்களா?" என்று கேட்டவர் சொன்னதுதான் சரி. நான் வடியவிட்டதே இல்லை. வெட்டிய கையோடு தேய்த்துக்கொண்டிருந்தேன். பச்சைத் தோலுக்கு அடியில் இருக்கும் அந்தக் கசப்புப் பாலில் அலோயின் என்ற பொருள் இருக்கிறது. சருமத்தை உறுத்தக்கூடியது அதுதான்.

சிவப்பு அடங்கும்வரை 5 நாள் எதையும் தடவவில்லை. அப்புறம் ஒரு மடலை, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தினேன். தோலைச் சற்றுத் தடிமனாகவே சீவி, உள்ளே கூழாக இருக்கும் சோற்றை நாலைந்து முறை அலசினேன். முன்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் கழுத்து. அரிப்பே இல்லை, குளுகுளுவென்று இருந்தது.

எதிர்பாராத ஒன்று: காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறது. சோற்றில் பெரும்பகுதி தண்ணீர்தானே. மேலே மாய்ஸ்சரைசர் பூசினால் சரியாகிவிடுகிறது. பதில்களில் வந்த, எலுமிச்சைச் சாறு கலக்கும் யோசனையை மட்டும் நான் தொடவில்லை. சிவந்த தோலுக்கு அது வேண்டாத வேலை.

வடித்து அலசியும் அரித்தால் கற்றாழையே ஒவ்வாமல் இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மிச்சச் சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தேன். நாலாம் நாளே நிறம் மாறிவிட்டது, தூக்கிப் போட்டேன்.