கடலோரக்காரனுக்குக் கார்பன் ஃபைபர் கார் சரிப்படுமா?

தங்கச்சிமடத்தான்:
எங்கள் வீட்டுக் காருக்கு ஏழு வயதுதான் ஆகிறது. போன வாரம் டிரைவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கினால், அடித்தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடக்கிறது. ஓட்டை வழியாக ரோடு தெரிகிறது. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் எங்கள் தெருவுக்கு வருவது உப்புதான். டிங்கர் பட்டறையில் தகடு வெட்டி வெல்டு வைக்கச் சொல்கிறார்கள்.

மர வள்ளமெல்லாம் போய்ப் படகுகள் ஃபைபருக்கு மாறிவிட்டன. கார் மட்டும் ஏன் இன்னும் இரும்புத் தகட்டில்? மெக்லாரன் என்ற பந்தயக் கார் கம்பெனி 1981லேயே பந்தயக் காரின் கூட்டைக் கார்பன் ஃபைபரில் செய்துவிட்டது. 1992ல் ரோட்டில் ஓட்டுகிற ‘எஃப்1’ என்ற அவர்கள் காரும் அப்படித்தான் வந்தது. அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி என்று இல்லாமல் கூடே பாரம் தாங்கும் மோனோகாக். துரு என்ற பேச்சே கிடையாது. முப்பது வருடமாகியும் அது நம் கைக்கு வரவில்லை. துருப்பிடித்தால்தான் அடுத்த கார் விற்கும் என்ற கணக்குதானே? இல்லை என்று யாராவது சொல்லுங்கள்.

பாம்பன் படகுப்பட்டறை:
நான் சொல்கிறேன் தம்பி, இல்லை. இருபது வருடமாக ஃபைபர் படகு கட்டுகிறேன். நாங்கள் போடுவது கண்ணாடி இழை. அச்சில் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைப் பூசி, ‘மேட்’ என்கிற இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினில் ஹார்டனர் கலந்து ரோலரால் உருட்டினால் அங்கேயே இறுகிவிடும். கார்பன் அப்படி வராது. ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூலுக்குச் சொந்தக்கார நூல் ஒன்றை முதலில் 200, 300 டிகிரியில் காற்றோடு வாட்டி, அப்புறம் காற்றே புகாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். நம் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசி மூட்டம் போடுவார்களே, அதே சூட்சுமம்தான். காற்று புகுந்தால் சாம்பல், புகாவிட்டால் கரி. போட்ட நூலில் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். அதைத் துணியாக நெய்து, ரெசின் ஏற்றி, ராட்சத குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோக்ளேவில் அழுத்தி வேகவைத்தால் ஒரு கூடு. அந்த மெக்லாரன் எஃப்1 மொத்தமே 106 கார்தான். சதியெல்லாம் இல்லை, அடுப்புச் செலவு.

துருவுக்கு வருகிறேன். கார்பன் துருப்பிடிக்காது, சரி. ஆனால் மின்சாரம் கடத்தும். அதன் மேல் ஓர் அலுமினிய பிராக்கெட்டை நேராக முடுக்கி, இடுக்கில் உப்புத்தண்ணீர் இறங்கினால் அது ஒரு பேட்டரி. அரிபடுவது அலுமினியம். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, அதனால் எங்கள் படகில் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் கேட்கிற காரில் கூடு புதுசாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கிற சாமான் உதிரும்.

கீழக்கரை டு துபாய்:
அண்ணே, பேட்டரி கதை உண்மை. அதற்கு மருந்தும் உண்டு. கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு சுற்று கண்ணாடி இழை வைத்துவிடுவார்கள், அதாவது நீங்கள் போடுகிற அதே சாமான். டைட்டானியம் போல்ட்டுக்கு அந்தச் சிக்கல் வராது. நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானத்தின் கட்டுமானத்தில் எடைக் கணக்கில் 45 சதவீதம், இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான். அதன் கடற்படை வடிவம் 2020ல் நடுக்கடலில் விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது. உப்புக்குப் பயந்தால் அது நடக்குமா?

அடுப்புச் செலவுக்கும் பதில் இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் ஐ3 மின்சாரக் கார் ஆட்டோக்ளேவ் இல்லாமல் வந்தது. காய்ந்த துணியை அச்சில் அடுக்கி, ரெசினை அழுத்தி ஏற்றினால் சில நிமிடங்களில் பாகம் தயார். 2013 முதல் 2022 வரை இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள். மெக்லாரனே 2011ல் 12சி காருக்குச் செய்த, ஆள் உட்காரும் கார்பன் கூடு 75 கிலோ. மூன்று சிப்பம் அரிசி எடை!

பரமக்குடித் தறி:
காக்கா, ஒரு திருத்தம். ஐ3 மோனோகாக் இல்லை. மேலே ஆள் உட்காரும் கூடு கார்பன், கீழே பேட்டரியையும் மோட்டாரையும் சுமப்பது தனி அலுமினியச் சட்டம். அதை உதாரணமாகக் காட்டினால் தங்கச்சிமடத்தான் கேட்ட கேள்வியே மாறிவிடுகிறது. அடுத்து வந்த மின்சாரக் கார்களில் பிஎம்டபிள்யூ முழுக் கார்பன் கூட்டைத் தொடரவும் இல்லை. செலவு கட்டுப்படியாகியிருந்தால் விட்டிருப்பார்களா?

என் தொழில் தறி என்பதால் இன்னொன்று. டொயோட்டா கம்பெனியின் லெக்சஸ் எல்எஃப்ஏ காரை முதலில் அலுமினியத்தில்தான் வடிவமைத்தார்கள். பிறகு கார்பனுக்கு மாறி, முன்கண்ணாடித் தூணை வட்டத் தறியில் நெய்தார்கள். டொயோட்டாவின் பூர்வீகமே தறிக் கம்பெனிதானே! அந்தத் தறி ஓடுகிற படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் 500 காரோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

கீழக்கரை டு துபாய்:
சரி, ஐ3 பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். உப்புக்காற்று மோனோகாக்கா இல்லையா என்று பார்த்து அடிப்பதில்லை. எந்தச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தாலும் கார்பன் கூடு துருப்பிடிக்காது என்பதுதான் என் வாதம்.

பாதுகாப்பையும் யாரும் பேசவில்லை. 1981 மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய மெக்லாரன் தடுப்பில் மோதி, எஞ்சினும் கியர்பாக்ஸும் பிய்ந்து தனியே போயின. மனிதர் இறங்கி நடந்து வந்தார். கார்பன் மோதினால் சிதறும் என்று அதுவரை சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

பாம்பன் படகுப்பட்டறை:
பெரிய மோதலில் காப்பாற்றும், மறுக்கவில்லை. என் பயம் சின்ன மோதல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி மாடு குறுக்கே வருகிறது, பக்கவாட்டில் ஒரு இடி. இரும்பு என்றால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும், டிங்கர் தட்டி எடுப்பான். கண்ணாடி இழை என்றால் அடிபட்ட இடம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், அதை வைத்தே எவ்வளவு தூரம் அறுத்து மேட் போடுவது என்று முடிவு செய்வேன். கார்பன் கறுப்பு. மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் விட்டுப் போயிருக்கலாம். காசால் தட்டிக் கேட்டால் நல்ல இடம் கணீர் என்கும், விட்ட இடம் பொத் என்கும். அது கைப்பழக்கம். சரியாகப் பார்க்க அல்ட்ராசவுண்ட் கருவி வேண்டும். இராமநாதபுரத்தில் வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கலாம், கார் கூட்டுக்கு யாரிடம் போவீர்கள்?

தங்கச்சிமடத்தான்:
எல்லாரும் சேர்ந்து முடியாது என்றே சொல்கிறீர்கள். நம் ராமேஸ்வரத்துக் கலாம் ஐயா அக்னி ஏவுகணைக்குப் பயன்பட்ட கார்பன் பொருளில், போலியோ வந்த பிள்ளைகளுக்கு 300 கிராமில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கருவி, செய்து கொடுத்தார். அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் 3 கிலோ இரும்பை இழுத்து நடந்தார்கள். அன்றைக்கும் யாராவது ‘ஏவுகணைச் சாமான் நமக்கெதற்கு’ என்றிருப்பார்கள்.

பாம்பன் படகுப்பட்டறை:
அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு கிராமும் வலி தம்பி. அதற்கு எந்த விலையும் தகும். உங்கள் காரில் ஐம்பது கிலோ குறைந்தால் உங்களுக்கு என்ன தெரியும்? மைலேஜில் கொஞ்சம். அதற்கு ஒரு வீட்டு விலை கொடுப்பீர்களா?

பழைய கேங்மேன்:
தம்பிகளா, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். 1914ல் திறந்த பாம்பன் பாலம் இரும்புதான். 1964 புயலில் கர்டர்கள் கடலுக்குள் போயின, தூக்குப் பாலம் மட்டும் விழாமல் நின்றது. 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. காரணம் துருவைச் சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும்தான், வேறொன்றும் இல்லை. 2025ல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு, போல்ட்டுக்குப் பதில் முழுக்க வெல்டு இணைப்பு. ஏன் வெல்டு? உப்பு முதலில் உட்காரும் இடம் இணைப்பு. படகுப்பட்டறைத் தம்பி சொன்னதும் அதுதான்.

உங்கள் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

தங்கச்சிமடத்தான்:
வாங்கியதிலிருந்து கழுவியதில்லை ஐயா. மேலே மட்டும் பளபளவென்று வைத்திருந்தேன்.

சரி, கார்பன் கார் கிடக்கட்டும். அண்ணே, அந்த ஓட்டைக்கு உங்கள் மேட்டும் ரெசினும் போட்டு அடைத்துவிடலாமா? வெல்டை விடச் செலவு குறையுமே.

பாம்பன் படகுப்பட்டறை:
போடாதீர்கள். துருவின் மேல் ரெசின் பிடிக்காது, அடியில் ஈரம் தங்கி மிச்சத் தகட்டையும் தின்னும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, புதுத் தகடு வெல்டு வைத்து, பிரைமர் அடித்து, அப்புறம் அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட்டிங் பூச்சு. கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

தங்கச்சிமடத்தான்:
இன்று வண்டியை விட்டாயிற்று. டிங்கர் வெட்டிய தகட்டைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கிறது, மறுபக்கம் கைப்பிடி மணல்.