காதில் ஒரே மாதிரி விழும் மருத்துவச் சொற்கள்: உதவி தேவை

மதுரையில் பி.எஸ்சி நர்சிங் முதல் செமஸ்டர் படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி. செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான், அதில் சிக்கல் இல்லை. மாட்டிக்கொண்டது மருத்துவச் சொற்களில்.

எழுத்தில் பார்த்தால் பிரித்துவிடுகிறேன். 'ஐடிஸ்' அழற்சி, 'எக்டமி' வெட்டி எடுப்பது, 'ஆஸ்டமி' திறப்பு வைப்பது. வகுப்பில் வேகமாகச் சொல்லும்போது கோலெக்டமியும் கோலாஸ்டமியும் ஒன்றாகவே கேட்கிறது. முன்னது பெருங்குடலையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்துவிடுவது. பின்னது பெருங்குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே திறந்துவிடுவது. வார்டில் இதை மாற்றிக் குறித்தால் என்ன ஆகும்! அளவுக்கு அதிகம் என்னும் ஹைப்பர், அளவுக்குக் குறைவு என்னும் ஹைப்போவும் அப்படித்தான். இலியம் இன்னும் மோசம்: சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேல்பகுதிக்கும் ஒரே உச்சரிப்பு, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறு.

முன்னொட்டு, பின்னொட்டுகளைத் தனி நோட்டில் எழுதிப் படித்தேன். ஃபிளாஷ் கார்டு ஆப்பில் தினமும் பார்க்கிறேன். அதிலும் கண்தான் பழகுகிறது, காது பழகவில்லை. சீனியர்களைக் கேட்டால் "போகப் போக வந்துடும்" என்கிறார்கள். ஆனால் அடுத்த மாதமே இன்டர்னல், சொல்லச் சொல்ல எழுதும் பகுதியும் உண்டு.

தமிழ்வழியில் படித்து இப்போது வேலையில் இருக்கும் அக்கா, அண்ணன்களே, இந்தச் சொற்களைக் காதால் பிரித்தறிய நீங்கள் என்ன பயிற்சி செய்தீர்கள்?