மடாலயத்தில் ஒரு நாள் தியானம், முதல் தடவை. தாக்குப்பிடிக்க முடியுமா?

புதுக்கால்:
ஒரு தேரவாத (இலங்கை, பர்மா பக்கத்துப் பௌத்தப் பிரிவு) மடாலயத்தில் ஒரு நாள் தியானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நாள் முழுக்க மௌனம், எட்டு சீலம் (அதாவது எட்டு ஒழுக்க விதிகள்), நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு இல்லை என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் 20 நிமிடம் உட்கார்ந்தாலே எனக்குக் கால் மரத்துவிடும். அப்புறம், நான் பௌத்தர் இல்லை, புத்தர் சிலை முன்னால் விழுந்து வணங்கச் சொன்னால் என்ன செய்வது? கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

மரநிழல்:
நாள் முழுக்க யாரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க மாட்டார்கள், அமர்வதும் நடப்பதும் மாறி மாறி வரும். நடைத் தியானத்தை இடைவேளை என்று நினைத்து வேடிக்கை பார்க்கப் போய்விடாதீர்கள், பாதியை இழந்துவிடுவீர்கள். கவனத்தைப் பழகுவது பற்றிய புத்தரின் போதனையான சதிபட்டான சூத்திரத்தில் நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது நான்குமே கவனத்துக்கு உரியவைதான். கால் முடியவில்லை என்றால் நாற்காலி கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

வணங்குவது கட்டாயமாக இருக்காது. மற்றவர்கள் வணங்கும்போது பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், ஆனால் சிலையையோ பிக்குகளையோ பார்த்துக் கால் நீட்டாதீர்கள்.

ஆமைவேகம்:
நாற்காலி சரி, ஆனால் முதல் வலிக்கே அதில் போய் உட்கார வேண்டாம் என்பது என் கருத்து. பர்மாவின் தியான ஆசிரியர், பிக்கு மகாசி சயடோ (1904–1982) சொல்லிக்கொடுத்த முறையில் வலி வந்தால் உடனே அசைய மாட்டார்கள், வலி, வலி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு பார்ப்பார்கள். தாங்கவே முடியாமல் போனால் அசைய வேண்டும் என்ற எண்ணத்தையும் குறித்துவிட்டு, மெதுவாகக் காலை மாற்றலாம். ஏற்கெனவே மூட்டுப் பிரச்சினை இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் முதலிலிருந்தே நாற்காலிதான்.

உண்மையில் உங்களைப் படுத்தப்போவது கால் இல்லை, மதியத் தூக்கம். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கே தூங்கி வழிந்திருக்கிறது! அங்குத்தர நிகாயம் என்ற போதனைத் தொகுப்பில் புத்தர் அவருக்கு வரிசையாக வழி சொல்கிறார்: காதுகளைப் பிடித்து இழு, உடம்பைத் தேய்த்துவிடு, எழுந்து கண்ணைக் கழுவு, வெளிச்சத்தை மனதில் நினை, நட. எதுவும் பலிக்காவிட்டால் படுத்துக்கொள் என்றுகூட இருக்கிறது, எழுந்திருக்கும் நினைப்போடு. அதனால் கண் சொருகினால் எழுந்து நின்று தொடருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

புதுக்கால்:
நன்றி, இருவருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மதியத்துக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது சரியா? அம்மாவும் வருகிறேன் என்கிறார்.

மரநிழல்:
மருத்துவரிடம் கேட்காமல் வர வேண்டாம். அவர் சம்மதித்தால், மடாலயத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடல்நலக் காரணம் என்றால் பெரும்பாலும் ஏதாவது ஏற்பாடு செய்வார்கள், உடம்பை வதைப்பது புத்தர் தானே வேண்டாம் என்று விட்ட வழி. வடிகட்டிய பழச்சாறு மதியத்துக்குப் பிறகு பிக்குகளுக்கே அனுமதிதான், ஆனால் சர்க்கரை இருப்பவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

கட்டணம் போடாததற்குக் காரணம், தேரவாத மடங்கள் பெரும்பாலும் தானத்தில் நடப்பவை. விருப்பம் இருந்தால் உண்டியலில் போடுங்கள். பிக்கு கையில் பணத்தை நீட்டாதீர்கள், விநய (பிக்குகளின் ஒழுக்க நூல்) விதிப்படி அவர்கள் பணம் வாங்கக் கூடாது.

ஆமைவேகம்:
போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பையில் அணைத்து வைத்திருந்தாலும் மனசு அங்கேதான் போகும்.